தேக்கும் கூரையும்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் உள்ள ஹார்டில்பூலில் ‘டிரிங்கோமாலி’ நிற்கிறது. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ‘யூனிகார்ன்’. இரண்டும் ‘லீடா’ வகைப் போர்க்கப்பல்கள், உடன்பிறப்புகள் என்றே சொல்லலாம். ஆனால் பார்வைக்கு அப்படித் தெரியாது. ஒன்றில் மூன்று பாய்மரங்கள் வானளாவ நிற்கின்றன. மற்றதில் பாய்மரமே இல்லை. தண்ணீரில் மிதக்கும் கிடங்கு போல, மேல்தளம் முழுவதையும் மரக்கூரை மூடியிருக்கிறது.

லீடா வகையின் வடிவம் பிரெஞ்சுக்காரருடையது. 1782 செப்டம்பரில் ஆங்கிலேயர் கைப்பற்றிய ‘ஏபே’ என்ற கப்பலைப் பார்த்து வரைந்துகொண்டது. அதே மாதத்தில்தான் திருகோணமலைக்கு வெளியே இரு நாட்டுக் கடற்படைகளும் மோதின. திருகோணமலையின் ஆங்கில வடிவமான ‘டிரிங்கோமாலி’ என்ற பெயர் அந்தப் போரின் நினைவாகக் கப்பலுக்கு வைக்கப்பட்டது. போர் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. துறைமுகமும் அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. பெயர் வைத்தவர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டாகப் படவில்லை போலும்.

டிரிங்கோமாலியைக் கட்டியது பம்பாயில், பார்சிக் கப்பல் தச்சர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா. வரைபடத்தை ஏற்றிவந்த ‘ஜாவா’ 1812 டிசம்பரில் அமெரிக்கக் கப்பலிடம் சிக்கி அழிந்ததால் வேலை தாமதப்பட்டது. 1817 அக்டோபரில்தான் கப்பல் கடலில் இறங்கியது. அதைக் கட்டிய மலபார் தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு, எளிதில் உளுத்துப்போகாது. ஓக் மரத்தின் அமிலம் இரும்பு ஆணிகளை அரிக்கும், தேக்கில் அந்தத் தொல்லையும் குறைவு. 1819இல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கப்பல் கால் நூற்றாண்டுக்கு மேல் சும்மா கிடந்தது. 1847 முதல் பத்தாண்டுகள் கடலோடியது, 1897இல் விற்கப்பட்டது. பிறகு ‘ஃபூட்ராயன்ட்’ என்ற வேறு பெயரில் சிறுவர்களுக்கான பயிற்சிக் கப்பலாக 1986 வரை உழைத்தது.

யூனிகார்ன் 1824இல் இங்கிலாந்தின் சாத்தம் கப்பல் தளத்தில் ஓக் மரத்தால் கட்டப்பட்டது. நெப்போலியன் போர்கள் முடிந்துவிட்டதால் அதற்கு வேலை இல்லை. பாய்மரம் நடாமலே கூரை போட்டு ஒதுக்கிவைத்தார்கள். மரக்கப்பலுக்குக் கடல்நீரைவிட மழைநீர்தான் எமன். தளத்து இடுக்குகளில் இறங்கித் தங்கி மரத்தை அழுகவைக்கும். கூரை அந்த மழையைத் தடுத்தது. கொஞ்ச காலம் வெடிமருந்துக் கிடங்கு, 1873 முதல் டண்டீயில் கடற்படைத் தொண்டர்களின் பயிற்சித் தளம் என்று நாள் கழிந்தது. 1968இல் உடைபடாமல் தப்பியது. ஓக்கைக் கூரை காத்தது. தேக்கு தன்னைத் தானே பார்த்துக்கொண்டது.

டிரிங்கோமாலியைப் புதுப்பிக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் பிடித்து, 2001இல் வேலை முடிந்தது. பீரங்கிகள், தலைப்பாகை அணிந்த முகப்புச் சிலை, கயிறுகள் எல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. குழந்தைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்களுக்கு இதுதான் பொருத்தம். ஆனால் சுற்றியுள்ள ‘பதினெட்டாம் நூற்றாண்டு’த் துறைமுக வீதி 1990களில் எழுப்பிய ஜோடனை. கப்பலே அதன் நடுவே கொஞ்சம் ஜோடனையாகத் தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

டண்டீயில் அப்படியில்லை. அங்கே கூட்டம் அண்டார்க்டிக் பயணி ஸ்காட்டின் ‘டிஸ்கவரி’ கப்பல் பக்கம் ஒதுங்கிவிடுவதால் யூனிகார்னில் நெரிசல் குறைவு. கீழ்த்தளத்தில் தலை குனிந்துதான் நடக்க வேண்டும். கப்பல் வடிவமைப்பாளர் ராபர்ட் செப்பிங்ஸ் புகுத்திய புதிய கட்டுமான முறைப்படி விட்டங்களை இரும்பு முட்டுகள் தாங்குகின்றன. கட்டியபோது இருந்த மரம் பெரும்பாலும் அப்படியே உள்ளது. தச்சனின் கைவேலையைப் பார்க்க விரும்புகிறவர் இங்கேதான் வர வேண்டும்.

இரண்டுக்கும் போக வாய்த்தால் ஹார்டில்பூலை முதலில் வைத்துக்கொள்வது நல்லது. பாய்மரமும் கயிறும் பீரங்கியும் எங்கே இருக்கும் என்று அங்கே பார்த்துவிட்டால், யூனிகார்னின் வெற்றுத் தளத்தில் ஒவ்வொன்றையும் மனதிலேயே பொருத்திக்கொள்ளலாம்.