உடையாத மண்டைக்குள் அறுந்த இழைகள்

1941-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஹியூ கெய்ர்ன்ஸ் எழுதிய ஆய்வில் ஓர் எண் வாசிப்பவரை நிறுத்திவிடும்: 2,279. இரண்டாம் உலகப் போரின் முதல் 21 மாதங்களில் பிரிட்டனின் சாலைகளில் இறந்துபோன மோட்டார் சைக்கிள்காரர்கள், பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள் ஆகியோரின் எண்ணிக்கை அது. குண்டுவீச்சுக்கு அஞ்சித் தெருவிளக்குகளை அணைத்திருந்த காலம். அந்த இருட்டில்தான் ராணுவத் தகவல்களைச் சுமந்துகொண்டு இளைஞர்கள் விரைந்தார்கள். பெரும்பாலானோர் உயிரைப் பறித்தது தலைக்காயம்.

கெய்ர்ன்ஸ் ஆஸ்திரேலியாவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய மூளை அறுவை மருத்துவர். 1935 மே மாதம் விபத்தில் சிக்கிய 'அரேபியாவின் லாரன்ஸ்' டி.இ. லாரன்ஸுக்குச் சிகிச்சை தந்தவர்களில் அவரும் ஒருவர். சைக்கிளில் வந்த இரு சிறுவர்கள்மேல் மோதாமலிருக்க வண்டியைத் திருப்பித் தூக்கியெறியப்பட்ட லாரன்ஸ், நினைவு திரும்பாமலே ஆறாம் நாள் இறந்தார். கெய்ர்ன்ஸை ஹெல்மெட் ஆய்வின் பக்கம் திருப்பியது அந்த மரணம்தான் என்பார்கள். ஆனால் அவரது வாதத்துக்கு வலுவூட்டியவை எண்கள். ஹெல்மெட்டோடு அடிபட்டவர்களாக அவர் பார்த்தது ஏழு பேரைத்தான். ஏழு பேரும் பிழைத்தார்கள். 1941 நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. பொதுமக்களுக்கான சட்டம் வந்தது 1973-ல். கெய்ர்ன்ஸ் இறந்து 21 ஆண்டுகள் கழித்து.

ஹெல்மெட் காக்கிறது என்பது தெரிந்தது. எதிலிருந்து காக்கிறது? மண்டையோட்டு முறிவு, அடிபட்ட இடத்துக்கு எதிர்ப்புறத்திலும் மூளை கன்றிப்போவது, மூளையுறைக்கு வெளியிலோ உள்ளிலோ ரத்தம் கட்டுவது ஆகியவற்றை மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். கத்தியால் திறந்தால் கண்ணுக்குத் தெரிபவை இவை.

தெரியாத காயத்தை முதலில் காட்டியவர் இயற்பியலாளர் ஹோல்போர்ன். மெழுகால் மண்டையோட்டு வடிவம் செய்து, அதற்குள் ஜெலட்டின் கூழை மூளையாக நிரப்பி, சட்டென்று சுழற்றினார். துருவப்படுத்திய ஒளியில் பார்த்தபோது கூழுக்குள் எங்கெங்கே இழுபட்டது என்பது தெரிந்தது. மூளை எளிதில் நசுங்குவதில்லை. ஆனால் முறுக்கினால் தாங்காது. தலை நேராக இடிபடுவதைவிடத் திடீரெனத் திரும்புவதே மூளைக்குப் பெரும் கேடு என்று 1943-ல் லான்செட் இதழில் எழுதினார். அவ்வளவு எளிய கருவியிலிருந்து அவ்வளவு தொலைநோக்கான முடிவு! அதற்குரிய கவனம் அப்போது கிடைக்கவில்லை.

1956-ல் நோயியல் மருத்துவர் சபினா ஸ்ட்ரிச், தலையில் அடிபட்டபின் தெளியாமலே மாதக்கணக்கில் கிடந்து இறந்த ஐவரின் மூளைகளை ஆராய்ந்தார். பெரிய ரத்தக்கட்டு இல்லை. ஆனால் நுண்ணோக்கியில், மூளையின் வெண்பகுதி நெடுக நரம்பிழைகள் சிதைந்திருந்தன. அடிபட்ட நொடியிலேயே அவை இழுபட்டு அறுந்திருக்க வேண்டும் என்பது அவரது வாதம். 1982-ல் பிலடெல்பியாவின் ஜெனரெல்லி, கிளாஸ்கோவின் ஆடம்ஸ், கிரகாம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதை நிறுவினார்கள். குரங்குகளின் தலையை எதிலும் இடிக்காமல் விசையோடு திருப்பியதற்கே அவை கோமாவில் விழுந்தன.

இன்று தமிழ்நாட்டு விபத்துப் பிரிவுகளின் வாசலில் உறவினர்கள் கேட்பதும் ஸ்ட்ரிச்சைக் குடைந்த அதே கேள்விதான்: "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைங்கறாங்க, அப்புறம் ஏன் கண்ணே தொறக்கல?" சி.டி. ஸ்கேனில் இந்த இழைச்சிதைவு பல நேரம் தெரிவதில்லை, எம்.ஆர்.ஐ. ஓரளவு காட்டும்.

ஆனால் ஸ்ட்ரிச் நினைத்ததுபோல் எல்லா இழைகளும் அடிபட்ட கணத்திலேயே அறுவதில்லை, பல இழைகள் வீங்கி மணிக்கணக்கில் கழித்தே துண்டாகின்றன என்பது 1980-களில் தெரியவந்தது. அந்த இடைவெளியில் அவற்றைக் காப்பாற்றும் மருந்து இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் தலை திரும்பும் வேகத்தைக் குறைப்பதே வழி. ஐரோப்பாவின் புதிய ஹெல்மெட் விதி, ஹெல்மெட்டைச் சரிவான, சொரசொரப்பான பரப்பில் மோதவிட்டு உள்ளிருக்கும் தலை எவ்வளவு சுழல்கிறது என்று அளக்கச் சொல்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2021-ல். ஹோல்போர்னின் ஜெலட்டின் சோதனைக்குப் பின் 78 ஆண்டுகள் கழித்து.