சாம்பல் மேடுகளும் ஆநிரைத் தொழுவங்களும்: உட்னூர் அகழாய்வை முன்வைத்து

கிருஷ்ணை, துங்கபத்திரை ஆறுகளை ஒட்டிய வறண்ட தக்காணப் பகுதியில் நூற்றுக்கும் மேற்பட்ட சாம்பல் மேடுகள் உள்ளன. இவற்றில் மென்மையான சாம்பல் அடுக்குகளும் கடும் வெப்பத்தில் உருகிக் கண்ணாடிபோல் இறுகிய கசடு அடுக்குகளும் மாறிமாறி அமைந்துள்ளன. ஹம்பியை அடுத்த நிம்பாபுரத்து மேட்டினை வாலியின் உடல் எரியூட்டப்பட்ட இடம் என்று மக்கள் கூறுவர். 19ஆம் நூற்றாண்டில் இவற்றைக் கண்ட ஆங்கிலேயர் சிலர் எரிமலையின் எச்சம் என்றும், வேறு சிலர் பெருந்திரளான பிணங்களை எரித்த தடயம் என்றும் கருதினர். மக்கள் வழக்கைப் புனைவென ஒதுக்கியோரின் ஊகங்களும் அவ்வழக்கிலிருந்து வெகுதொலைவு விலகிவிடவில்லை.

இராபர்ட் புரூஸ் ஃபூட் இம்மேடுகளை மாட்டுச் சாணத்தோடு தொடர்புபடுத்தினார். ஆப்பிரிக்க மேய்ப்பர்களின் முள்வேலித் தொழுவங்களையும் இதற்கு ஒப்புமை காட்டினார். இக்கருத்து நெடுங்காலம் உரிய கவனம் பெறவில்லை. பின்னர் எஃப். இ. சாய்னர் குடதினி மேட்டின் சாம்பலை ஆய்வகத்தில் சோதித்து, அது சாணம் எரிந்ததால் உண்டானதே என நிறுவினார். ஆயினும், அச்சாணம் எவ்வாறு ஓரிடத்தில் குவிந்தது என்னும் வினாவிற்கு விடை அகழாய்வினால்தான் கிடைத்தது.

எஃப். ஆர். ஆல்சின் 1957இல் அன்றைய மகபூப்நகர் மாவட்டத்து உட்னூரில் அகழாய்வு மேற்கொண்டார். சாம்பல் அடுக்குகளுக்கிடையே வரிசையாகக் கம்பக்குழிகள் வெளிப்பட்டன. பனைமரத் தண்டுகளை நெருக்கமாக நட்டு வேலி அமைத்திருந்தனர். அவ்வேலி எரிந்தபின் அதே இடத்தில் மறுபடியும் வேலி எழுப்பப்பட்டிருந்தது. இது பன்முறை நிகழ்ந்திருந்தது. சாம்பற்பரப்பில் மாடுகளின் குளம்புத் தடங்கள் அழியாமல் பதிந்திருந்தமை, அவ்வேலி எதற்காக எழுந்தது என்பதில் ஐயத்திற்கு இடம் வைக்கவில்லை. தென்னிந்தியப் புதிய கற்கால மக்கள் ஆநிரை காத்தவர்கள் என்னும் முடிவினை 1963இல் வெளியான ஆல்சினின் நூல் முன்வைத்தது.

வேலி தற்செயலாகத் தீப்பற்றியிருக்கலாகாதா என வினவலாம். ஒருமுறை அவ்வாறு நேர்ந்திருக்கலாம். எரிவதும் எழுவதும் ஒரு முறைமையாகவே தொடர்ந்திருப்பதை விபத்து எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஆல்சின் இதனைப் பருவகாலச் சடங்காகக் கண்டு, பொங்கல் முதலிய விழாக்களோடு ஒப்பிட்டார். பீட்டர் ஜோஹான்சன் முதலிய பிற்கால ஆய்வாளர்கள் சடங்கு நோக்கினை மேலும் வலியுறுத்தி, மேடுகளையே நினைவுச் சின்னங்களாகக் கருதுகின்றனர். இந்நோக்கு புதிய வினாக்களை எழுப்பியது உண்மையே. எனினும், சடங்கை முதன்மைப்படுத்துகையில் மரம் வெட்டிக் கொணர்தல், குழி தோண்டுதல், கம்பம் நடுதல், சாணம் அகற்றுதல் ஆகிய உழைப்பு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. கல்லாயுதத்தைக் கொண்டு பனைமரத்தை வீழ்த்திய ஒரு சமூகத்திற்கு வேலியைப் புதுப்பித்தல் எளிய செயலாக இருந்திருக்க முடியாது.

எல்லாத் தொழுவங்களும் உட்னூரைப் போன்றவை அல்ல. வட கர்நாடகத்துப் புடிஹாளில் கே. பத்தையா நிகழ்த்திய அகழாய்வில் மாடுகளை அடைத்த இடமும் சாணத்தைக் கொட்டிய இடமும் வெவ்வேறாக இருந்தமை தெரியவந்தது. மேட்டின் அருகிலேயே குடியிருப்பும், விலங்குகளை அறுத்த தளமும் இருந்தன. தொழுவத்தைத் துப்புரவு செய்து சாணத்தை ஒருபுறம் குவிக்கும் ஒழுங்கு அங்கு நிலவியிருக்கிறது. உட்னூர் ஒன்றையே அளவுகோலாக்கி எல்லா மேடுகளையும் விளக்குவது ஏற்புடையதன்று.

இம்மக்கள் சிறுதானியமும் கொள்ளும் பச்சைப்பயறும் பயிரிட்டமை தாவர எச்சங்களால் அறியப்படுகிறது. உழவு அறிந்தோர் சாணத்தை எருவாக்காமல் எரித்தது ஏன் என்பது சிந்தித்தற்குரியது. தமிழகத்தில் கீதாரிகள் ஆட்டுக்கிடை கட்டும் வழக்கத்தில், பட்டியே நிலத்திற்கு நிலம் நகர்கிறது. எருவின்பொருட்டே அது நகர்கிறது. தக்காணத்தில் வேலி நிலைத்து நின்றது. சாணம் மேடாக உயர்ந்தது. எருவின் மதிப்பு உணரப்படாத நிலையோ, உணர்ந்தும் வேறொன்றை மேலாகக் கருதிய நிலையோ இங்கு இருந்திருக்க வேண்டும். பின்னதற்கே வாய்ப்பு மிகுதி எனத் தோன்றுகிறது.

தமிழகத்தில் பையம்பள்ளி போன்ற புதிய கற்கால இடங்கள் அகழப்பட்டுள்ள போதிலும் இத்தகைய சாம்பல் மேடு எதுவும் அறியப்படவில்லை. ஆகவே வெட்சித்திணை மரபை உட்னூர் வேலியோடு நேரடியாக இணைப்பது பிழையாகும்; இரண்டிற்கும் இடையே ஈராயிரம் ஆண்டளவு இடைவெளி உண்டு. சொல்வழக்கு தரும் சான்று வேறு வகையினது. தமிழில் ‘பட்டி’ என்பது தொழுவத்தையும் சிற்றூரையும் குறிக்கும். அதன் இனச்சொல்லாகிய கன்னட ‘ஹட்டி’யும் அவ்விரு பொருளையும் தாங்கி நிற்கிறது. மாட்டுக்கு எழுப்பிய வேலியைச் சுற்றி மனிதர் குடியேறிய நிலையை இச்சொற்கள் உணர்த்துகின்றன. ஆனால் ‘பட்டி’ என முடியும் ஊர்கள் அனைத்தையும் அவ்வாறு கொள்ளலாகாது.

இம்மேடுகள் பல இன்று சிதைந்து வருகின்றன. சங்கனகல்லு, குப்கல் பகுதியில் கல்லுடைப்பு தொல்லிடங்களை அழித்துள்ளது. வேறிடங்களில் உழவர்கள் சாம்பலை வெட்டியெடுத்துத் தம் வயல்களுக்கு எருவாக இடுகின்றனர். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வயலுக்குப் போகாத சாணம் இப்போது போகிறது. அதனோடு கம்பக்குழிகளும் குளம்புத் தடங்களும் பதிவின்றி மறைகின்றன.