கொல்லிமலைக்கு மேல கோடு போடுற நட்சத்திரங்கள்

சூரியனைத் தவிர வேற ஒரு நட்சத்திரத்தை முதன்முதலா போட்டோ எடுத்தது 1850 ஜூலை 17. அமெரிக்காவுல ஹார்வர்டு வானாய்வகத்துல பாண்டும் விப்பிளும் சேர்ந்து, வெள்ளி பூசின செப்புத் தகட்டை 100 செகண்டு திறந்து வச்சு வேகா நட்சத்திரத்தைப் பிடிச்சாங்க. நம்ம ஆளுங்க அபிஜித்னு சொல்றாங்களே, அதேதான்.

இதுக்கும் பேளுக்குறிச்சிக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேப்பீங்க. இருக்கு மக்களே, சுத்தி வளைச்சுதான் வரணும்.

எங்க ஊருக்குக் கிழக்கே சுவர் எழுப்பின மாதிரி கொல்லிமலை நிக்குது. சந்தைக்கு மிளகும் கடுகும் வாங்க வர்றவங்களுக்கு அது மலை. அமாவாசை ராத்திரி டிரைபாடு நட்டு வச்சுட்டு கொசுக்கடி வாங்குற என்னை மாதிரி ஆளுக்கு அதுதான் திரைச்சீலை. ஷட்டரை அரை மணி நேரம் திறந்து வச்சா நட்சத்திரம் புள்ளியா விழாது, கோடா விழும். பூமி மணிக்கு 15 டிகிரி சுத்துதுல்ல, அந்தச் சுத்தல்தான் கோடு.

வெள்ளைக்காரங்க எடுத்த படங்கள்ல துருவ நட்சத்திரத்தை நடுவுல வச்சு இசைத்தட்டு மாதிரி வட்டம் வட்டமா கோடு இருக்கும். நமக்கு அப்படி வராது. எங்க ஊர் அட்சரேகை 11 டிகிரி சொச்சம். அதனால துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல அவ்வளவு உயரத்துலதான் இருக்கும். கையை நீட்டி முஷ்டியை மடக்கினா கிட்டத்தட்ட அந்த ஒரு முஷ்டி உயரம். வட்டத்துல பாதி தரைக்குள்ள போயிடும். ஆனா கிழக்கே திரும்பினா வேற கதை. திருவாதிரையும் மிருகசீரிஷமும் மலை முகட்டுலேர்ந்து, லேசா தெற்கே சாஞ்ச மாதிரி, ஏறக்குறைய நெட்டுக்குத்தா மேல ஏறும். லண்டன்ல இருக்கறவனுக்கு இந்தப் படம் கிடைக்காது!

இப்ப சரித்திரத்துக்கு வருவோம். சென்னை நுங்கம்பாக்கத்துல கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து வானாய்வகம் ஒண்ணு இருந்தது. 1861ல அதுக்குப் பொறுப்பு ஏத்துக்கிட்டு வந்தவர் நார்மன் போக்சன். வந்த வருஷமே ஏப்ரல் 17 அன்னிக்கு ஒரு சிறுகோளைக் கண்டுபிடிச்சார். ஆசியாவுலேர்ந்து கண்டுபிடிச்ச முதல் சிறுகோள், அதனால 'ஏசியா'ன்னே பேர் வச்சார். அப்புறம் சாஃபோ (1864), சில்வியா (1866), கமிலா (1868), கடைசியா வேரா (1885). இந்த சில்வியாவுக்கு ரெண்டு நிலா இருக்குன்னு 2005ல தெரிய வந்தது. நுங்கம்பாக்கத்துல பிடிச்ச கல்லு அது.

அத்தனையும் கண்ணாலயே! வானத்துல ஒரு துண்டைப் பார்க்கணும், வரைபடத்தைப் பார்க்கணும், படத்துல இல்லாத புள்ளி இருக்கான்னு தேடணும், மறுநாள் அது நகர்ந்திருக்கான்னு பார்க்கணும். அவர்கூட வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் இப்படித்தான் 1867ல ஒளி மாறுற நட்சத்திரம் ஒண்ணைக் கண்டுபிடிச்சார். போக்சனுக்கு இருக்கற தெருமுனைப் புகழ்கூட இவருக்கு இல்லைங்கறது என் ஆதங்கம்.

இதே காலத்துல மத்த ஊர்ல போட்டோ பிச்சுக்கிட்டுப் போகுது. 1880ல ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை எடுத்தார். 1882ல தென்னாப்பிரிக்காவுல டேவிட் கில் ஒரு பெரிய வால்நட்சத்திரத்தை எடுக்கப் போக, பின்னாடி சிதறிக் கிடந்த நட்சத்திரங்களும் தெளிவா விழுந்துடுச்சு. இப்படியே மொத்த வானத்தையும் படம் எடுத்துடலாமேன்னு 1887ல பாரிஸ்ல கூடி, ஆளுக்கொரு பட்டையா வானத்தைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. அதுல ஒரு பட்டை பின்னாடி ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. சென்னைக்கு ஒண்ணும் வரலை. போக்சன் 1891 ஜூன்ல செத்துப்போனார். அதே வருஷம் டிசம்பர்ல ஜெர்மனியில மேக்ஸ் வுல்ஃப் போட்டோ மூலமா முதல் சிறுகோளைப் பிடிச்சார். ஆறே மாசம்! கண்ணால தேடுற காலம் அதோட மலையேறிடுச்சுன்னு சொல்லலாம்.

வுல்ஃப் செஞ்ச வேலையைத்தான் கவனிக்கணும். என் டிரைபாடு படத்துல நட்சத்திரம் கோடு, மலை அசையாம நிக்குது. அவர் தொலைநோக்கியை நட்சத்திரத்தோட சேர்த்து ஓட்டினார். அப்ப நட்சத்திரம் புள்ளியா நிக்கும். ஊடால நகர்ற சிறுகோள் மட்டும் ஒரு குட்டிக் கோடா விழும். தேடவே வேணாம், தகட்டுல தானாவே கையெழுத்துப் போட்டுட்டுப் போகும். அதுக்கு விலை என்னன்னா, ஒரு ஆள் மணிக்கணக்கா பக்கத்துக் குழாய்ல கண்ணை வச்சு, ஒரு நட்சத்திரம் குறுக்குக் கம்பியை விட்டு விலகாம பார்த்துக்கிட்டே உட்காரணும்.

நம்ம பக்கம் அந்தக் கோடு விழ ரொம்ப நாள் ஆச்சு. கொடைக்கானல் 1899ல வந்தாலும் அது சூரியனுக்கான இடம். வைணு பாப்பு ராத்திரி வானத்துக்குத் தோதா தமிழ்நாட்டுல இடம் தேடி, ஜவ்வாது மலையில காவலூரைப் பிடிச்சார். 1968ல அங்க முதல் தொலைநோக்கி, 38 செண்டிமீட்டர், வேலை ஆரம்பிச்சது. அட்சரேகை 12 டிகிரி சொச்சம், அதாவது என் ஊர்க் கணக்குதான். துருவம் கீழே கிடக்கறது எனக்கு வட்டத்தைக் கெடுத்தது, பாப்புவுக்கு அதுவே லாபம். தெற்கு வானம் பெரும்பாலும் தெரியும், வடக்கும் கைவிட்டுப் போகாது.

அங்க ராஜமோகன் குழு, அரை மீட்டருக்கும் குறைவான ஷ்மிட் தொலைநோக்கியை வச்சு சிறுகோள் தேடினாங்க. திட்டத்துக்குப் பேர் கல்கி. 1988 பிப்ரவரி 17ல ஒண்ணு சிக்குச்சு. 4130 ராமானுஜன்னு பேர். வேராவுக்கும் இதுக்கும் நடுவுல 103 வருஷம்.

இப்ப யாரும் தகட்டைக் கழுவறதில்லை. நானும் ஒரே மூச்சா அரை மணி திறந்து வைக்கறதை விட்டாச்சு, சென்சார் சூடாகிப் புள்ளி புள்ளியா இரைச்சல் வருது. 30 செகண்டு படமா நூறு எடுத்து கம்ப்யூட்டர்ல அடுக்கிடறேன். ஆனா அன்னிக்கும் இன்னிக்கும் மாறாத எதிரி ஒண்ணுதான், வெளிச்சம். தகடு நட்சத்திரத்தை எப்படிச் சேர்த்து வைக்குதோ அப்படியே கோழிப்பண்ணை லைட்டையும் சேர்த்து வைக்கும். நாமக்கல் பக்கம் இருக்கற எனக்கு இது வேற யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

லடாக்ல ஹான்லேயைச் சுத்தி 2022ல இருள் வானக் காப்பகம் அறிவிச்சாங்க. காவலூரை நடத்துற அதே இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் ஹான்லேலயும் தொலைநோக்கி வச்சிருக்கு. நம்ம மாநில அரசும் 2024ல கொல்லிமலை அரியூர் சோலைக் காட்டுல இருள் வானப் பூங்கா வரும்னு சொல்லியிருக்கு. சந்தோஷம்தான். ஆனா பூங்கா மேல, 70 கொண்டை ஊசி வளைவு தாண்டி. வெளிச்சம் கிளம்பறது கீழே, ராசிபுரத்துலயும் சேந்தமங்கலத்துலயும் எங்க ஊர்லயும். தெருவிளக்குக்கு ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினா போதும், செலவு ரொம்ப ஆகாது. மேல காவல் வச்சுட்டு கீழே திறந்து விட்டா, அடுத்த அமாவாசைக்கும் என் படத்துல மலைக்குப் பின்னாடி வர்ற கோடுகள்ல கொஞ்சம் குறைஞ்சுதான் இருக்கும்.