தரங்கம்பாடியும் ஒரு தாயின் வியாழக்கிழமை மாலையும்



பெற்றோர் சந்திப்பு நாளில் பெரும்பாலும் புள்ளிகளைப் பற்றியே பேசுவோம். இம்முறை முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் வேறொன்றைப் பேசினார். அவருக்கு மூன்று பிள்ளைகள். தொழிற்சாலையில் முறைவேலை. வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஓர் அட்டவணையை ஒட்டி வைத்திருக்கிறாராம். அது பாட அட்டவணை அன்று. எந்த மாலை எந்தப் பிள்ளையோடு அம்மா தனியாக உட்கார்ந்து பேசுவார் என்னும் அட்டவணை. அந்த நேரத்தில் வீட்டுப்பாடம் கிடையாது, தொலைபேசி கிடையாது. பேசுவார்கள், கடைசியில் சிறு ஜெபம் செய்வார்கள். "நானாகக் கண்டுபிடித்தது இல்லை டீச்சர். எங்கள் தேவாலயத்துப் பெண்கள் கூட்டத்தில் சூசன்னா வெஸ்லியைப் பற்றிச் சொன்னார்கள்," என்றார்.

நான் கிறிஸ்தவள் அல்லள். ஜான் வெஸ்லி மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் என்பதற்கு மேல் ஒன்றும் அறியேன். ஆயினும், அட்டவணை என்றால் ஓர் ஆசிரியைக்கு ஆர்வம் வராமல் இருக்குமா? தேடிப் படித்தேன். அந்த அட்டவணையின் வேர் நம் தரங்கம்பாடியைத் தொட்டு நிற்பதைக் கண்டு வியந்தேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

சூசன்னா 1669ஆம் ஆண்டு இலண்டனில் பிறந்தவர். தந்தையார் ஒரு சமயப் போதகர். அவருடைய இருபத்தைந்து பிள்ளைகளில் இவரே கடைக்குட்டி என்று எழுதுகின்றனர். சாமுவேல் வெஸ்லி என்னும் போதகரை மணந்து, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் உள்ள எப்வொர்த் என்னும் சிற்றூரில் குடியேறினார். பெற்றது பத்தொன்பது பிள்ளைகள். ஒன்பது பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். கணவர் படித்தவர், கவிஞர், கடனாளியும்கூட. 1705இல் ஏறத்தாழ முப்பது பவுன் கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று சூசன்னா தம் மோதிரங்களை அனுப்பினார். அவர் அவற்றைத் திருப்பி அனுப்பிவிட்டார். உங்கள் வீட்டில் உணவுக்கு இல்லாமல் போனதுண்டா என்று பேராயர் ஒருவர் கேட்டபோது, ரொட்டி இல்லாமல் போனதில்லை. ஆனால் அதை வாங்குவதற்கும் பின்னர் அதன் விலையைக் கொடுப்பதற்கும் பட்ட பாட்டில் அது கசந்துபோயிற்று என்னும் பொருள்பட விடையிறுத்தார்.

இந்த வீட்டில்தான் ஒரு பள்ளி நடந்தது. ஆசிரியை ஒருவரே, மாணவர்கள் அவர் பெற்ற பிள்ளைகள். காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை என நாளுக்கு ஆறு மணி நேரம். ஆண்பிள்ளைகள் வளர்ந்ததும் இலண்டன் பள்ளிகளுக்குச் சென்றனர். பெண்பிள்ளைகளுக்கோ இதுவே முதலும் முடிவுமான பள்ளி.

இப்பள்ளியைப் பற்றி நாம் இவ்வளவு அறிந்திருப்பதற்குக் காரணம் ஒரு கடிதம். வளர்ந்து ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய மகன் ஜான், பிள்ளை வளர்த்த முறையை எழுதித் தருமாறு தாயை வேண்டினார். அவர் தயங்கினார். உலக இன்பங்களைத் துறக்காமல் இம்முறையைக் கைக்கொள்ள இயலாது, வாழ்வின் செழிப்பான இருபது ஆண்டுகளுக்கு மேல் இதற்கென்று கொடுக்க எத்தனை பேர் முன்வருவர் என்பது அவர் ஐயம். எனினும் 1732 ஜூலை 24ஆம் நாள் எழுதி அனுப்பினார். 1742இல் அவர் மறைந்தபின் ஜான் அதைத் தம் நாட்குறிப்பில் சேர்த்து வெளியிட்டார்.

முதலாம் ஆண்டுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்கள் அக்கடிதத்தை ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஐந்து வயது நிறையும் வரை எந்தப் பிள்ளைக்கும் எழுத்துக் கற்பிப்பதில்லை. நிறைந்ததும் ஒரு நாள் குறிக்கப்படும். அதற்கு முந்தைய நாளே வீட்டு வேலைகள் ஒழுங்குபடுத்தப்பட்டு, வகுப்பு நேரத்தில் ஒருவரும் அறைக்குள் வரலாகாது என்று கண்டிப்பான கட்டளை பிறக்கும். அந்த ஒரே நாளில் ஆங்கில நெடுங்கணக்கு முழுவதும் படித்து முடிக்கப்படும். மறுநாள் விவிலியத்தின் முதல் அதிகாரத்தை எழுத்துக்கூட்டத் தொடங்குவர்.

இரு பெண்கள் மட்டும், மோலியும் நான்சியும், ஒன்றரை நாள் எடுத்துக்கொண்டனர். அதனால் இருவரையும் மந்தமானவர்கள் என்று அப்போது எண்ணினாராம். பின்னாளில் மற்ற வீட்டுப் பிள்ளைகள் எழுத்துக் கற்க எத்தனை நாள் எடுக்கிறார்கள் என்று கண்டபின் அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டதாக அவரே எழுதுகிறார்.

இவ்விடத்தில் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில், ஜூன் மாதமாகியும் உயிரெழுத்துப் பன்னிரண்டைச் சொல்லத் தெரியாத ஒரு சிறுமியைப் பற்றி, அவள் காதுபடவே, "இது மண்டையில் ஏறாத பிள்ளை" என்று சக ஆசிரியையிடம் சொன்னேன். அவள் பிறகு படித்தாள், வேறு பள்ளிக்கு மாறிச் சென்றாள். நான் சொன்னதை மாற்றிக்கொண்டேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய்க்கவில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு செய்தி அக்கடிதத்தில் உண்டு. கடைசி மகள் கெசி விஷயத்தில் மட்டும் சூசன்னாவின் பேச்சு எடுபடவில்லை. ஐந்து வயதுக்கு முன்பே எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினர். விளைவு? மற்ற பிள்ளைகள் மாதக் கணக்கில் கற்றதைக் கற்க அவளுக்கு ஆண்டுக் கணக்காயிற்று. நான்கு வயதில் சொல்வதெழுதுதல் தரவில்லையே என்று பாலர்பள்ளி ஆசிரியையோடு சண்டையிடும் பெற்றோரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இனிக் கெசியின் நினைவு வரும்.

இனி, எனக்கு உடன்பாடில்லாத பகுதிக்கு வருகிறேன். பிள்ளைகளை ஒரு வயது நிறைந்ததும், சிலரை அதற்கு முன்பேயும், பிரம்புக்கு அஞ்சப் பழக்கியதாகவும், மெதுவாக அழப் பழக்கியதாகவும் அவர் எழுதுகிறார். பிள்ளை வளர்ப்பின் முதல் வேலை, பிள்ளையின் தன்விருப்பத்தை அடக்குவதே என்பது அவர் கொள்கை. தன்விருப்பமே எல்லாப் பாவத்துக்கும் வேர் என்று அவருடைய சமயச் சிந்தனை கருதிற்று. அக்காலத்து வீடுகளில் பிரம்பு புதுமையன்று என்பதும் உண்மையே. இருப்பினும், கைக்குழந்தையின் அழுகையை அடக்கும் பிரம்பை என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை. 'அந்தக் காலத்தில் ரோத்தான் இருந்தது, பிள்ளைகள் உருப்பட்டனர்' என்று நம்மிடையே பேசுவோர் சூசன்னாவைத் துணைக்கு அழைக்கக்கூடும் என்பதால் இதைச் சொல்கிறேன்.

அப்படி அழைப்போர் அவர் வகுத்த வீட்டுச் சட்டங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். செய்த தவற்றை உண்மையாக ஒப்புக்கொண்ட பிள்ளைக்கு அடி கிடையாது. அடிக்குப் பயந்தே பிள்ளைகள் பொய் பேசுகின்றனர் என்பதை அவர் கண்டிருந்தார். ஒரே தவற்றுக்கு இருமுறை தண்டனை இல்லை, பின்னர் அதைச் சொல்லிக் காட்டுவதும் இல்லை. மகிழ்விக்க எண்ணிப் பிள்ளை செய்யும் எதையும், அது கோணலாக முடிந்தாலும், அன்போடு ஏற்க வேண்டும். கொடுத்த வாக்கைக் காக்க வேண்டும். நன்றாகப் படிக்கத் தெரியும் வரை எந்தப் பெண்பிள்ளையையும் தையல் முதலிய வேலையில் உட்காரவைக்கக் கூடாது. அக்காலப் பெண்கள் பலருக்குத் திருத்தமாகப் படிக்க வராததற்கு அதுவே காரணம் என்று அவர் எழுதியது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு!

1709 பிப்ரவரி 9ஆம் நாள் இரவு அவர்கள் வீடு தீப்பற்றியது. சூசன்னா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. எல்லாரும் வெளியேறிய பின்னரே ஐந்து வயது ஜான் மாடியில் சிக்கியிருப்பது தெரிந்தது. ஒருவர் தோள்மீது ஒருவர் ஏறி அண்டை வீட்டார் சன்னல் வழியே அவனை இறக்கினர். வீடும் புத்தகங்களும் சாம்பலாயின. புது வீடு எழும்பும் வரை பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளில் சிதறி வாழ்ந்தனர். அதற்குள் கண்டபடி பேசவும் விளையாடவும் பழகிவிட்டதாகத் தாய் வருந்துகிறார். கட்டிய ஒழுங்கு கலைந்துபோயிற்று. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். நீண்ட விடுமுறைக்குப் பின் வகுப்பறைக்குத் திரும்பும் ஆசிரியர்க்கு இதை விளக்கவும் வேண்டுமோ?

இப்போது தரங்கம்பாடிக்கு வருவோம். டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு, புளுட்சோ என்னும் இரு இளம் போதகர்கள் 1706 ஜூலையில் அங்கு வந்திறங்கினர். சீகன்பால்குக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் துணையோடு, சிறுவர்களோடு தாமும் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அகர வரிசை கற்றார். வந்த மறு ஆண்டே பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கினார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1715இல் அங்கேயே அச்சிட்டு முடித்தார். அவ்விருவரும் ஊருக்கு எழுதிய கடிதங்களின் ஆங்கிலப் பெயர்ப்பு 1709இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. அந்நாளில் ஐரோப்பியர் தமிழரை 'மலபார் மக்கள்' என்றே வழங்கினர். நூலின் தலைப்பிலும் அப்பெயரே உண்டு.

அந்நூல் எப்வொர்த் வீட்டில் சாமுவேலின் படிப்பறையில் இருந்தது. 1711–12 குளிர்காலத்தில் அவர் திருச்சபை மன்றப் பணிக்காக இலண்டன் சென்றிருந்த வேளையில், மூத்த மகள் எமிலி அதைக் கண்டெடுத்தாள். தாய்க்குப் படித்துக் காட்டினாள். சூசன்னா அசைந்துபோனார். பல நாள் வேறொன்றையும் பேசவும் நினைக்கவும் இயலவில்லை என்னும் பொருள்பட, 1712 பிப்ரவரி 6ஆம் நாள் கணவருக்கு எழுதினார். தாம் ஆண் அல்லர், போதகரும் அல்லர். கடல் கடந்து செல்ல வழியில்லை. ஆனால் தம் வீட்டிலேயே இன்னும் கூடுதலாகச் செய்யலாமே என்று எண்ணினார். பிள்ளைகளிடமிருந்து தொடங்கினார்.

அன்று பிறந்ததே அந்த அட்டவணை. ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையோடு தனியாகப் பேச்சு. திங்கள் மோலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜான், வெள்ளி பேட்டி, சனி சார்ல்ஸ். ஞாயிறு மட்டும் எமிலியும் சூக்கியும் சேர்ந்து. ஜானுக்கு வயது எட்டு, சார்ல்ஸுக்கு நான்கு.

ஆறு மணி நேரம் கூட்டாகக் கற்பித்த பிறகு எதற்காக இந்தத் தனி மாலை? என் ஊகம் இது: வகுப்பில் அவர் பிள்ளைகளை அடக்கினார், மாலையில் அவர்கள் சொல்வதைக் கேட்டார். சமயக் கல்வியே நோக்கம் என்றாலும், ஒரு பிள்ளை தாயை முழுதாகத் தனக்கென்று பெற்ற நேரம் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அதே குளிர்காலத்தில் ஞாயிறு மாலை அவர் தம் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் சமய உரைகளைப் படித்துக் காட்டினார். கேள்விப்பட்ட அண்டை வீட்டாரும் வரத் தொடங்கி, கூட்டம் இருநூறைத் தாண்டியது. பெண் நடத்தும் கூட்டமா என்று புகார் கிளம்ப, கணவர் நிறுத்தச் சொல்லி எழுதினார். அவரோ, 'விரும்புகிறேன் என்று எழுதாதீர். நிறுத்து என்று தெளிவாகக் கட்டளையிடுங்கள், பொறுப்பு உம்முடையதாகட்டும்' என்ற கருத்தில் மறுமொழி எழுதினார்.

இருபது ஆண்டுகள் உருண்டன. 1732ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், ஆக்ஸ்போர்டில் பெயர் பெற்ற கல்வியாளராக இருந்த ஜான் தாய்க்கு ஒரு கடிதம் எழுதினார். முன்பு தமக்கென ஒதுக்கிய வியாழன் மாலையின் சிறு பகுதியை இப்போதும் தமக்காகக் கொடுக்க முடியுமானால், அன்று அறிவை உருவாக்கியது போல இன்று மனத்தைத் திருத்த அது உதவும் என்று வேண்டினார். மகன் கேட்டது தாயின் சட்டங்களை அன்று, வியாழனை.

சார்ல்ஸ் பின்னாளில் ஆயிரக்கணக்கான ஞானப்பாடல்களை இயற்றினார். அண்ணன் தம்பி வழி எழுந்த இயக்கம் நம் மண்ணையும் அடைந்தது. பெங்களூரில் பிறந்த வில்லியம் ஓல்ட்ஹாம் 1886இல் சிங்கப்பூரில் மெதடிஸ்ட் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு சோபியா பிளாக்மோர் ஒரு கடைவீட்டில் ஒன்பது இந்தியச் சிறுமியரோடு தொடங்கிய பெண்கள் பள்ளி, முதலில் தமிழ்ப் பெண்கள் பள்ளி என்றே வழங்கப்பட்டது.

இப்படி முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமைப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். எட்டு வயதில் கிரேக்க மொழி படித்தவள் என்று போற்றப்பட்ட ஹெட்டி, கவி பாடும் ஆற்றல் பெற்றவள். 1725இல் ஒருவரை நம்பி வீட்டைவிட்டுச் சென்றாள், கைவிடப்பட்டுத் திரும்பினாள். தந்தை அவளை மன்னிக்கவில்லை. அவளுக்குச் சற்றும் பொருந்தாத, குடிப்பழக்கமுள்ள ஒரு குழாய்த் தொழிலாளிக்கு அவசரமாக மணமுடித்து வைத்தனர். பெற்ற பிள்ளைகளும் குழந்தைப் பருவத்திலேயே இறந்தனர். தந்தையின் மன்னிப்பை வேண்டி அவள் எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. சூசன்னாவைப் புகழும் கட்டுரைகளில் பல இப்பெண்ணைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன. அத்தனை செவ்வாய் மாலைகளில் அவர்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்தேன்.

சென்ற வாரம் அந்தத் தாயார் மகனை அழைத்துச் செல்லப் பள்ளி வாசலுக்கு வந்திருந்தார். தரங்கம்பாடிக் கதையைச் சொன்னேன். "அப்படியா டீச்சர்! நம் ஊர்க் கதையா?" என்று சிரித்தார். பிறகு, ஹெட்டியைப் பற்றியும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"எங்கள் வீட்டிலும் செவ்வாய் பெரிய மகளுக்கு. அன்றைக்குத்தான் எனக்கு அடிக்கடி இரவு வேலை விழுகிறது, டீச்சர்," என்றார். மகன் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.