சோலைமந்தியும் மலையணிலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளில் மர உச்சிகளிலேயே பெரும்பாலும் வாழும் இரு பாலூட்டிகள். சிங்கவால் குரங்கு என்றும் அழைக்கப்படும் சோலைமந்தி, கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. மலையணிலும் இந்தியாவுக்கே உரியது. ஆனால் அது மழைக்காட்டோடு நிற்பதில்லை; மத்திய இந்தியாவின் இலையுதிர் காடுகளிலும் உண்டு. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கும் அதுவே.

கரிய உடலும், முகத்தைச் சுற்றிய வெண்சாம்பல் பிடரியும், நுனியில் குஞ்சம் வைத்த வாலும் சோலைமந்தியின் அடையாளங்கள். ஆண் 10 கிலோ வரை இருக்கும். மலையணில் 2 கிலோ அளவே. உடலைவிட வால் நீளம். கிளையில் குந்தித் தின்னும்போது அந்த வால் மறுபுறம் தொங்கி எடையைச் சமன்செய்கிறது. மரத்துக்கு மரம் 6 மீட்டர் வரை தாவும்.

இரண்டும் சந்திக்கும் இடம் வெடிப்பலா மரம். இதன் பூக்களுக்கு இதழ் கிடையாது. சதைப்பற்றான புல்லிவட்டமே உணவு. கிளைகளில் நேரடியாகக் கொத்துக்கொத்தாகப் பூப்பதால் எட்டிப் பறிக்க எளிது. முள் நிறைந்த காயை மந்தி கையாலும் பல்லாலும் பிளந்து விதையை எடுக்கும். அணிலுக்கோ வாழ்நாளெல்லாம் வளரும் வெட்டுப்பற்களே கருவி. மந்தி பூச்சிகளையும் தேடித் தின்னும். கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும் வசதி அணிலுக்கு இல்லை.

மந்தி பெரும்பாலும் 10 முதல் 20 வரையான கூட்டமாக வாழும், கூடு கட்டாது, குட்டி தாயின் வயிற்றைப் பற்றியபடியே வளரும். அணில் தனித்தே திரியும். இலையும் சுள்ளியும் கொண்டு உருண்டையாகப் பல கூடுகள் கட்டி, அவற்றில் ஒன்றில் குட்டிகளை வளர்க்கும். ஆபத்து வந்தால் ஓடாமல் கிளையோடு ஒட்டி அசையாமல் கிடப்பதும் உண்டு.

காடு துண்டாகும்போது அதிகம் இழப்பது மந்தியே. ஒரு கூட்டத்துக்குப் பரந்த காடு வேண்டும். பெண் மந்தி ஒரு ஈற்றில் ஒரு குட்டியே ஈனும், அடுத்ததற்குச் சில ஆண்டுகள் ஆகும். முதிர்ந்த மந்திகள் 2,500-க்கும் குறைவு என்பது மதிப்பீடு. அது அழியும் நிலையில் உள்ள இனம். மலையணில் இப்போதைக்கு அந்த நிலையில் இல்லை. ஆனாலும் உச்சிக்கிளைகளின் தொடர்ச்சி அறுந்தால் அதற்கும் வழி அடைபடும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சிறு சோலைகள் எஞ்சிய வால்பாறையில், மந்திகள் தரையிறங்கிச் சாலையைக் கடக்க நேர்ந்து வாகனங்களில் அடிபட்டன. அதனால் புதுத்தோட்டம் பகுதியில் சாலைக்கு மேலே, மரத்திலிருந்து மரத்துக்குத் தொங்கு பாலங்கள் கட்டப்பட்டுள்ளன.