முதுகில் ஏறிய பட்டு

பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி அன்று 1910 செப்டம்பர் 24. பீட்டர்ஸ்பர்க் நகரின் கொமெந்தான்ஸ்கி விமானத் திடலில் பறத்தல் விழா நடந்துகொண்டிருந்தது. கேப்டன் லெவ் மத்சியேவிச் ஓட்டிய ஃபார்மன் விமானம் சில நூறு மீட்டர் உயரத்தில் நிலைகுலைந்தது. அந்தக் கால விமானத்தில் ஓட்டுபவரைச் சுற்றிச் சுவர் கிடையாது, கூரை கிடையாது. விமானத்திலிருந்து பிரிந்து அவர் தனியாகவே விழுந்தார். ரஷ்ய விமானப் பறத்தலின் முதல் பலி அவர்தான். கீழே திரண்டிருந்த கூட்டத்தில் 38 வயது நாடக நடிகர் ஒருவரும் நின்றிருந்தார். பெயர் கிளெப் கொத்தெல்னிக்கோவ்.

அவர் நடிகரானதே சுற்றுவழியில்தான். அப்பா இயந்திரவியலும் உயர்கணிதமும் கற்பித்த பேராசிரியர். மகன் ராணுவப் பள்ளியில் படித்தார், சில ஆண்டுகள் படையில் இருந்தார், பிறகு கலால் துறையில் உத்தியோகம் பார்த்தார். வெளியூர்களில் வேலை பார்த்தபோதும் நாடகக் குழு சேர்ப்பதை விடவில்லை. கடைசியில் உத்தியோகத்தை விட்டுத் தலைநகரின் மக்கள் அரங்கில் நடிக்க வந்தார். வந்த ஆண்டிலேயே இந்தச் சாவைப் பார்த்தார். கேப்டனைப் போல இன்னொருவர் விழக் கூடாது என்ற எண்ணம் அன்று முதல் அவரை விடவில்லை.

பாராசூட் அப்போது புதிய பொருள் இல்லை. 1783-இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் லூயி செபாஸ்டியன் லெனோர்மான் வானாய்வுக்கூடக் கோபுரத்திலிருந்து குடை போன்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு குதித்தார். விழுவதைத் தடுப்பது என்று பொருள்படும் அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். 1797 அக்டோபர் 22 அன்று ஆந்த்ரே ஜாக் கார்னெரான் பாரிஸ் வானில் பலூனிலிருந்து பட்டுப் பாராசூட்டில் இறங்கினார். கூடை ஊஞ்சல் மாதிரி ஆடியதைத் தவிர வேறு குறையில்லை. ஆனால் அதெல்லாம் பலூனுக்குப் பொருந்திய ஏற்பாடு. பலூனுக்குக் கீழே நீளமாகத் தொங்கும் துணியை அறுத்துவிட்டால் அது தானாக விரிந்துகொள்ளும். விமானத்தில் அதை எங்கே தொங்கவிடுவது? இறக்கைக்குப் பக்கத்தில் கட்டிவைத்தால் கம்பியில் சிக்கும். வால் பக்கம் மடித்துவைத்தால், விமானம் ஒடியும் நேரத்தில் அதைத் தேடி எடுக்க முடியாது.

கொத்தெல்னிக்கோவ் செய்த அடிப்படையான காரியம், பாராசூட்டை விமானத்திலிருந்து கழற்றி மனிதனோடு சேர்த்ததுதான். ஆள் எங்கே போனாலும் அது கூடவே போக வேண்டும். கேட்டால் எளிதாகத் தெரிகிறது. ஆனால் அதுவரை பாராசூட் செய்தவர்களில் பெரும்பாலோர் ஊர்தியையே யோசித்தார்கள், ஆளை யோசிக்கவில்லை.

முதலில் துணியைத் தலைக்கவசத்துக்குள் அடக்கப் பார்த்தார். ஒரு பொம்மை செய்து, அதன் தலையில் அலுமினியக் கவசம் மாட்டி, அதற்குள் சின்னப் பாராசூட்டை மடித்து வைத்து விழவிட்டார். பொம்மை பத்திரமாக இறங்கியது. மனித எடைக்குக் கணக்குப் போட்டபோதுதான் சிக்கல். அத்தனை துணி எந்தத் தலைக்கவசத்திலும் அடங்காது. நாடக அரங்கில் ஒரு பெண்மணி சின்னக் கைப்பையிலிருந்து பெரிய பட்டுச் சால்வையை உருவி எடுத்ததைப் பார்த்துத்தான் அவருக்கு வழி புலப்பட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, பட்டுக்கு அந்தக் குணம் உண்டு. மடித்தால் கைக்குள் அடங்கும். உதறினால் மொத்தமும் வெளியே வந்து நிற்கும்.

அப்படித் தலையிலிருந்த பாராசூட் முதுகுக்கு இறங்கியது. முதுகில் மாட்டும் உலோகப் பெட்டி, அதற்கொரு மூடி. அடியில் சுருள்வில், அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் மடித்த பட்டு. வளையத்தைப் பிடித்து இழுத்தால் மூடி திறக்கும், வில் தட்டை உந்தும், பட்டு காற்றுக்குள் பாயும். குடையின் விளிம்பில் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்றையும் வைத்துத் தைத்தார், வாய் சீக்கிரம் விரியட்டும் என்று.

இன்னொரு மாற்றமும் செய்தார். எனக்கு வில்லைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது. கைக்குட்டையின் நாலு மூலையிலும் நூல் கட்டி, நுனிகளை ஒன்றாக முடிந்து, அதில் கல்லைத் தொங்கவிட்டு எறிந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். கல் பம்பரம் போலச் சுழன்றுகொண்டே இறங்கும். எல்லா நூலும் ஒரே புள்ளியில் சேர்வதுதான் காரணம். அந்தக் காலப் பாராசூட்டில் தொங்கியவருக்கும் இதே கதி. கொத்தெல்னிக்கோவ் கயிறுகளை இரண்டு கொத்தாகப் பிரித்து, இரண்டு தோள்பட்டையிலும் ஒவ்வொன்றாக இணைத்தார். சுழற்சி அடங்கியது. தொங்குகிறவர் ஒரு பக்கக் கயிற்றை இழுத்து ஓரளவு திரும்பிக்கொள்ளவும் முடிந்தது. கல்லைப் போல இறங்கியவர் ஆளாக இறங்கினார்.

1911-இல் போர் அமைச்சகத்துக்கு எழுதினார். ஏற்கவில்லை. 1912 மார்ச்சில் பிரான்சில் காப்புரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றார். கருவிக்கு ஆர்.கே.-1 என்று பெயர் வைத்தார்: ரஷ்யன், கொத்தெல்னிக்கோவ், முதல் மாதிரி.

அதே 1912-இல், பிப்ரவரி 4 அன்று காலை, பாரிஸில் இன்னொரு மனிதர் தன் கையால் தைத்த கருவியோடு ஐஃபெல் கோபுரத்தின் முதல் தளத்தில் நின்றார். ஃபிரான்ஸ் ரைகெல்ட், பொஹீமியாவில் பிறந்த தையற்காரர். உடுப்பாகவே அணியக்கூடிய பாராசூட் அவருடையது. தொடக்கத்தில் தன் வீட்டு ஐந்தாம் மாடியிலிருந்து பொம்மைகளை விழவிட்டார், அவை தப்பின. ஆனால் எடையைக் குறைத்து, அணியும் உடுப்பாக மாற்றிய பிறகு எந்தச் சோதனையும் தேறவில்லை. உயரம் போதாததுதான் குறை என்று நம்பினார். காவல்துறை அனுமதி கொடுத்தது பொம்மையை விழவிடுவதற்கு என்று நினைத்து. அவரோ தானே குதிக்க நின்றார். நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை. 57 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு ஏறக்குறைய மூன்றரை விநாடிதான். அதற்குள் துணி விரியவில்லை, உடம்பைச் சுற்றிக்கொண்டது. படக்கருவிகள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

ரைகெல்ட்டை முட்டாள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. என்னால் அதில் சேர முடியவில்லை. விமானிகள் சாவது அவரையும்தான் தூங்கவிடவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நோக்கம், ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே மாதங்கள். நடிகரிடம் இருந்து தையற்காரரிடம் இல்லாமல் போனது பொம்மையின் பேச்சைக் கேட்கும் பொறுமை. பொம்மை உடைந்தால் கருவி தப்பு. அதற்கு வேறு விளக்கம் தேடக் கூடாது.

1912 ஜூனில் கொத்தெல்னிக்கோவ் தன் கருவியை ஒரு ருஸ்ஸோ பால்ட் காரில் கட்டினார். கார் முழு வேகத்தில் ஓடும்போது வளையத்தை இழுத்தார்கள். பட்டு விரிந்தது, கார் நின்றது, என்ஜினும் அணைந்துபோனது. தையல் ஒன்றுகூட விடவில்லை. இன்று தரையிறங்கும் போர் விமானத்தின் வாலுக்குப் பின்னால் விரியும் துணியைப் பார்க்கிறவர்கள் இந்தக் காரையும் நினைத்துக்கொள்ளலாம்.

சில நாள் கழித்து, கட்சினா அருகே சலிஸி என்ற ஊரில் இருந்த பலூன் முகாமில் 80 கிலோ எடையுள்ள பொம்மையை மேலே கொண்டுபோய் விழவிட்டார்கள். இவான் இவானோவிச் என்று அதற்குப் பெயர். நம் ஊரில் குப்புசாமி என்று வைப்பது மாதிரி. இவான் இவானோவிச் பலமுறை விழுந்தார், பலமுறை எழுந்தார்.

இத்தனைக்குப் பிறகும் ராணுவம் அசையவில்லை. விமானப் படைக்குப் பொறுப்பாயிருந்த இளவரசர் அலெக்சாந்தர் மிகாய்லோவிச் சொன்னதாக ஒரு காரணம் வழங்குகிறது: பாராசூட் இருந்தால் சின்ன ஆபத்துக்கே விமானி விமானத்தைக் கைவிட்டுவிடுவான், ஆகவே அது கேடு. விமானம் காசு கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்கியது, ஆளோ உள்ளூரிலேயே கிடைப்பவன். இந்தக் கணக்கை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எனவே பெட்டி நாடு கடந்தது. 1913 ஜனவரியில், பிரான்சின் ரூவான் நகரில், சேன் ஆற்றுப் பாலத்தின் மேல் சுமார் 60 மீட்டர் உயரத்தில் விளாதிமிர் ஒஸ்ஸோவ்ஸ்கி என்ற இளைஞர் அதை முதுகில் மாட்டிக்கொண்டு ஏறினார். ராணுவத்தான் இல்லை, விமானியும் இல்லை. பீட்டர்ஸ்பர்க் இசைக் கல்லூரி மாணவர். ரைகெல்ட் குதித்ததும் ஏறக்குறைய இதே உயரத்திலிருந்துதான். ஒஸ்ஸோவ்ஸ்கி வளையத்தை இழுத்தார், பட்டு விரிந்தது, உயிரோடு வந்து சேர்ந்தார்.

உலகப் போர் வந்த பிறகுதான் சொந்த நாட்டில் வாசல் திறந்தது, அதுவும் பாதி. இல்யா முரொமெட்ஸ் என்ற பெரிய குண்டுவீச்சு விமானங்களின் ஆட்களுக்கு ஆர்.கே.-1 தரப்பட்டது. புரட்சிக்குப் பிறகு, 1920-களில், உலோகப் பெட்டி போய்த் துணிப் பை வந்தது. சரக்கு இறக்கும் பெரிய பாராசூட்டும் செய்தார். 1926-இல் தன் கண்டுபிடிப்புகள் அனைத்தையும் அரசுக்கே கொடுத்துவிட்டார். இதற்கிடையில் 1919 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் மெக்குக் திடலில் லெஸ்லி இர்வின் விமானத்திலிருந்து குதித்து, விழும்போதே கயிற்றை இழுத்துப் பையைத் திறந்தார். கணுக்கால் முறிந்தாலும் கருவி தேறியது. முதுகுப்பை பாராசூட் உலகெங்கும் பரவியது அதற்குப் பிறகுதான்.

கொத்தெல்னிக்கோவ் லெனின்கிராடு முற்றுகையின் முதல் குளிர்காலத்தைக் கடந்து, 1944-இல் மாஸ்கோவில் இறந்தார். இவான் இவானோவிச் விழுந்தெழுந்த சலிஸி கிராமத்துக்கு 1949-இல் கொத்தெல்னிக்கோவோ என்று பெயர் மாற்றினார்கள். மாஸ்கோவின் நொவொதெவிச்சி இடுகாட்டில் இருக்கிறது அவர் கல்லறை. பாராசூட்டை மடித்துப் பைக்குள் அடக்கும்போது இறுக்கிக் கட்ட ஒரு சின்ன நாடா வேண்டும். குதித்து உயிரோடு வந்தவர்கள் அந்த நாடாவைக் கொண்டுபோய் அவர் கல்லறையருகே உள்ள மரங்களில் கட்டிவிட்டுப் போகிறார்கள்.