மருத்துவத்தில் திறன் கண்ணாடி

திறன் கண்ணாடி அல்லது ஸ்மார்ட் கண்ணாடி என்பது, சிறு கேமரா, ஒலிவாங்கி, கணினிச் சில்லு, நுண்திரை ஆகியவற்றை மூக்குக்கண்ணாடிச் சட்டத்திலேயே பொருத்தி, குரலாலும் தலையசைவாலும் இயக்கும்படி அமைத்த கருவியாகும். அறுவை அரங்கில் கிருமிநீக்கிய கையுறை அணிந்து நிற்கும் மருத்துவர் கைப்பேசியையோ விசைப்பலகையையோ தொட்டால் கையுறையை மாற்றியாக வேண்டும் என்பதால், எதையும் தொடாமலே ஸ்கேன் படத்தை வரவழைத்துப் பார்க்க உதவும் இக்கருவி அங்கு விரைவில் கவனம் பெற்றது.

2013 ஜூன் மாதம் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் அறுவை மருத்துவர் ரஃபயேல் கிராஸ்மன், கூகுளின் திறன் கண்ணாடியான கூகுள் கிளாஸை அணிந்து அறுவை சிகிச்சை செய்தார்; அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை லைஃப்லைன் மருத்துவமனையின் ஜே. எஸ். ராஜ்குமார் தம் அறுவை சிகிச்சையை இக்கண்ணாடி வழியே நேரலையாகக் காட்டினார். 2014 மே மாதம் லண்டனில் அறுவை மருத்துவர் ஷஃபி அகமது இக்கண்ணாடி அணிந்து செய்த அறுவையை 115 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 13,000 மாணவர்கள் கண்டனர். மருத்துவரின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்துக் கற்ற மாணவருக்கு, மருத்துவர் காணும் கோணத்திலேயே காட்சி கிடைப்பது பெரும் பேறு.

ஆயினும் குறைகள் சிறியவையல்ல. கேமரா நேர்முன்னே நோக்க, மருத்துவரின் விழியோ கீழே காயத்தை நோக்குவதால், படம் சரியாக விழ அவர் கழுத்தை வளைத்தே நிற்க வேண்டும். அரங்க விளக்கின் கடும் ஒளியில் காயம் வெளிறித் தெரியும். மின்கலமும் நீண்ட அறுவைக்குத் தாங்காது. கூகுள் 2023 மார்ச்சில் கிளாஸ் விற்பனையையே நிறுத்திவிட்டது. இதற்கிடையில், நுண்துளை (லேப்ராஸ்கோப்பி) அறுவையில் பக்கத்துத் திரையை நோக்கித் திரும்பித் திரும்பிக் கழுத்து வலிக்கும் மருத்துவர்களுக்கு, காட்சியைக் கண்ணெதிரே நிறுத்தும் தலையணிகள் வேறு தீர்வைத் தருகின்றன. சென்னை ஜெம் மருத்துவமனையில் 2024இல் ஆப்பிள் விஷன் புரோ தலையணி இவ்வாறு பயன்பட்டது.

எனினும் திறன் கண்ணாடியின் உண்மையான மதிப்பு பெரிய அரங்குகளுக்கு வெளியேதான் இருக்கிறது. சென்னைப் புறநகரான காட்டுப்பாக்கத்துச் சிறு மருத்துவமனையில் இரவுப் பணியிலுள்ள இளம் மருத்துவர், கட்டைப் பிரித்துக் காயத்தைக் கழுவிக்கொண்டே போரூரிலுள்ள நிபுணருக்கு அதைக் காட்டி ஆலோசனை பெற முடியுமானால், நோயாளியின் அலைச்சலும் செலவும் மிச்சமாகும். காணொளி வழி ஆலோசனைக்கு, 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டுதல்கள் இந்தியாவில் இடமளிக்கின்றன. ஆனால் நோயாளியின் உடல் பதிவாகும் இடத்தில், அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்து வழி ஒப்புதல் பெறாமல் கேமராவை இயக்கலாகாது.